கம்பிக் காக்கா குத்தாத வளவு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கம்பிக் காக்கா குத்திப் பார்க்காத மண் ஒரு பிடி மிச்சம் இருந்தால், அது கடலுக்கு அடியில் இருக்கும். அதையும் அவர் விட்டு வைத்தது நீச்சல் தெரியாத ஒரே காரணத்தால்தான்.

எழுத்து வேலை எனக்குப் புதிது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இன்னும் தீரவில்லை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என் கடைக்குச் சீமெந்து வாங்க வந்தவர். "ஹாஜியார், நீங்க கதைக்கிறத அப்படியே எழுதித் தாங்க" என்றார். எழுதுகிறேன். ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்து மீன் விற்றவன் நான். இன்றைக்குக் கல்முனை பிரதான வீதியில் கட்டடச் சாமான் கடை, இரண்டு லொறி, ஒலுவில் பக்கத்தில் மாந்தோட்டம். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது. என்னை எதிர்த்துக் கதைக்க இந்த ஊரில் ஆள் கிடையாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கம்பிக் காக்கா என்னைப் பற்றிக் கதைத்ததையெல்லாம் கீழே எழுத வேண்டியிருக்கிறது.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; கம்பியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இடுப்பு உயரம், விரல் தடிப்பு, ஒரு முனை கூர், மறு முனை பிடிப்பதற்கு வளைத்தது. அது தோட்டக் கம்பி இல்லை, சோற்றுக் கம்பி. காக்கா கலியாணச் சமையல்காரர். இந்தக் கரையில் எத்தனையோ மாப்பிள்ளைமார் அவருடைய நெய்ச்சோற்றைச் சாப்பிட்ட தெம்பில்தான் குடும்ப வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பெரிய கிடாரத்தில் சோறு தம்மில் கிடக்கும்போது அந்தக் கம்பியை நடுவில் இறக்குவார். அடி வரைக்கும் போனதும் ஒரு திருப்பு. மெல்ல இழுத்து நுனியைப் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். "அடியில இன்னும் தண்ணி நிக்குது. மூடியத் திறந்தா கையை முறிப்பன்" என்பார். மாப்பிள்ளையின் வாப்பாவாக இருந்தாலும் அதே பேச்சுத்தான்.

வயது போக, நெருப்பு வெக்கை தேகத்துக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்து விட்டார். நெருப்பை விட்டார். கம்பியை விட ஏலவில்லை. கையில் கம்பி இருக்கிறது, குத்துவதற்குச் சோறு இல்லை. என்ன செய்வார் மனிசன்? ஒரு நாள் பள்ளிவாசல் முன்னால் நின்ற வேப்பமரத்தடியில் சும்மா ஒரு குத்துக் குத்தினார். இழுத்தார். நுனியைப் புறங்கையில் வைத்தார். அந்த நிமிசத்திலிருந்து ஊருக்குத் தொல்லை பிடித்தது.

"சோறும் மண்ணும் ஒண்டுதான் தம்பி" என்று என் கடையில் வந்து அறிவித்தார். "மேல பார்த்தா நல்லா இரிக்கும். அடியில அரிசி."

அன்றைக்கு அதற்கு நான் சிரித்தேன். அப்போது எனக்குத் தோட்டம் இல்லை.

ஒலுவிலில் துறைமுகத்துக்குப் போகிற பாதைக்கு உள்ளே கிடந்த மணல் காணியை நான் வாங்கியபோது, அங்கே கள்ளிச் செடி கூட வெட்கப்பட்டு வளர்ந்தது. நான் மாங்கன்று வைத்தேன். ஓரத்தில் கொய்யா, தேசி, பப்பாசி. கன்று மரமானது. என் கை ராசி அப்படி. ஆனால் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கியதும் இலை சுருண்டது, பிஞ்சு கொட்டியது. நானும் விடவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். சாகாமம் குளத்துத் தண்ணீரில் வயல் செய்து பழகியவர்கள் நாங்கள். நானும் அந்த வயல்களில் கூலிக்கு நின்றவன். தண்ணீர் கண்ணுக்கு முன்னால் நின்றால்தான் எங்களுக்கு மனம் ஆறும். ஆகவே ஒவ்வொரு மாமரத்தின் அடியிலும் வட்டமாக வரம்பு கட்டினேன். பெரிய பம்பை வைத்து அடித்தேன். மரம் ஒவ்வொன்றும் குளத்துக்குள் நின்றது. பம்பை நிறுத்தினால் சற்று நேரத்தில் தண்ணீரைக் காணாது. காணாததால் திரும்ப அடிப்பேன். இந்தக் கரையில் தோட்டம் வைத்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் அப்படித்தான் அடிக்கிறார்கள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

அப்படி ஒரு காலையில் நான் இடுப்பில் கையை வைத்து நின்றபோது கம்பிக் காக்காவின் சைக்கிள் உள்ளே வந்தது. நான் கூப்பிடவில்லை. அவரை யாரும் எப்போதும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

"தண்ணி எங்க போகுது ஹாஜியார்?"

"மரம் குடிக்குது."

"மரம் என்ன, ஒட்டகமா?"

சைக்கிளில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார். வரம்புக்குள் இறங்கி அடிமரத்துக்குப் பக்கத்தில் குத்தினார். கம்பி பிடி வரைக்கும் போனது. "போகுது, போகுது, இன்னும் போகுது. உங்கட தண்ணி வேரைத் தாண்டி எப்பவோ போயிட்டு. இப்ப துறைமுகத்துக்குப் போயிரிக்கும். தோணிக்காரன் குடிப்பான், உங்களுக்கு நன்மை கிடைக்கும்."

பிறகு வரம்பை விட்டு வெளியே வந்து, கொப்பு முடிகிற இடத்துக்கு நேர் கீழே குத்தினார். இழுத்தார். நுனியில் ஒரு மணலும் ஒட்டவில்லை. புறங்கையில் வைத்துப் பார்த்தார். என்னுடைய கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். சுட்டது.

"குடிக்கிற வேர் இஞ்ச இரிக்கு. நீங்க காலை மட்டும் கழுவி விடுறீங்க. இது என்ன வுளு ஹாஜியார்? முகம் கை ஒண்டும் இல்லையா?"

தொழுமுன் முகம் கை கால் கழுவுவதுதான் வுளு. என்னுடைய வேலையாள் சிரித்தான். அவனைப் பார்த்த பார்வையில் அவன் நிறுத்தினான். காக்கா நிறுத்தவில்லை. "மணலுக்கு ஒண்டும் கையில தங்காது. குடுத்ததை அப்பவே இழந்துட்டு நிக்கும். அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும். சாகாமத்துக் களிமண் வேற. அது உங்களப் போல. நெறைய வச்சிரிக்கும், கேட்டா குடுக்காது. களிக்குள்ள மரம் தண்ணிய வச்சிக்கிட்டே தாகத்துல நிக்கும்."

"நான் குடுக்காத ஆளா? பள்ளியில வுளு எடுக்கிற ஹவுழ் கட்டக் கல்லு குடுத்தது ஆரு?"

"நீங்கதான். அதுல உங்கட பேர் எழுதின கல்லுதான் எல்லாத்துக்கும் பெரிசு."

வெளியே போகச் சொன்னேன். போனார். அடுத்த நாள் ஒரு சின்ன பட்டா லொறி நிறைய, தேங்காய் உரித்த பொச்சு மட்டையோடு வந்தார். என் வேலையாளை, என் சம்பளத்தில், கொப்பு முடிகிற வட்டத்தில் குழி வெட்ட வைத்துப் பொச்சைப் புதைத்தார். மேலே சருகு போட்டு மூடினார். "பொச்சு தண்ணியப் பிடிச்சு வச்சிக்கும். சோத்துக்கு மூடி போடுறது போலத்தான் சருகு. ஆவி போகாது" என்றார். கிணற்றிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினார். "இப்புடி இழுத்து அடிச்சா கடல் உள்ளுக்கு வரும். இப்பவே பாருங்க, இந்தத் தண்ணியில கறி வச்சா உப்புப் போடத் தேவையில்ல." பெரிய பம்பை மூடி, சின்னக் குழாயில் மெல்லக் கசிய விட்டார். பார்க்கவே கேவலமாக இருந்தது. நான் கட்டிய வரம்புகளை அவரே காலால் தட்டி விட்டார்.

அந்த முறை காய் தங்கியது. அதற்குக் காரணம் நான் போட்ட மாட்டெரு என்று அன்றைக்கும் சொன்னேன். இன்றைக்கும் சொல்லுவேன்.

ஆனால் இந்த மனிசன் சொன்னதெல்லாம் சரி என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். மாரி மழை ஓய்ந்த கையோடு நான் பம்பை ஓட்டப் போனேன். இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றைக் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்தால், அது காக்காவின் சாறனுக்கு மேலே இடுப்பில் கட்டப்பட்டிருக்கிறது.

"கயிற்றத் தாங்க."

"தர ஏலாது. மரத்துக்கு இப்பக் கொஞ்சம் பசிக்க விடணும். பசிச்சாத்தான் பூக்கும். வயிறு நெறஞ்ச மாப்பிள்ளை சகனைத் திரும்பிப் பார்ப்பானா?"

கலியாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டுத்தான் சகன். அவருக்கு உலகத்தில் எல்லா உவமானமும் அங்கிருந்துதான் வரும். நான் கத்தினேன். அவர் கயிற்றோடு தொழப் போய் விட்டார். மாமரங்கள் பூத்தன, நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த உற்சாகத்தில் பப்பாசிக்கும் அதே பசியைக் காட்டினார். பப்பாசி வரிசை முழுக்கத் தலை தொங்கிச் செத்தது.

செத்த வரிசைக்கு முன்னால் கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றார். "பப்பாசிக்குப் பசி தாங்காது போல."

"போலவா?"

"படைச்சவன் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வயிறு வச்சிரிக்கான். எனக்குச் செல்லிட்டா வச்சான்?"

அடுத்த நாள் சைக்கிளின் பின்னால் பப்பாசிக் கன்றுகளைக் கட்டிக்கொண்டு வந்து நட்டுவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வராது. கன்றுதான் வரும்.

குத்துவது அவருக்கு ஒரு வியாதி மாதிரி. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் மாதுளையைக் குத்திக்கொண்டு நிற்பார். "இந்த ஊட்டுல புள்ளைக்கு வேலை தெரியும். மாதுளைக்கு ஓரமா ஊத்தி வளர்த்திரிக்கு" என்று அவர் சொல்லி முடிந்த கலியாணம் ஒன்று எனக்குத் தெரியும். மையவாடியில் ஒரு ஜனாஸாவை அடக்கிவிட்டு, கபுறுக்கு மேலே தண்ணீர் தெளிக்கிறபோது, தெளித்தவரின் கையிலிருந்து தண்ணீர்க் கானை வாங்கினார். "மெதுவா ஊத்துங்க. ஓடிப்போற தண்ணி ஆருக்கும் உதவாது" என்று சொல்லிச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். துஆ ஓத நின்ற மௌலவியும் அவர் ஊற்றி முடியும் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அழுதுகொண்டு நின்ற மகன்மார் கூட அந்தத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு முறை பொலிசிலும் அகப்பட்டார். சாகாமம் பக்கத்தில் ஒரு தோடம்பழத் தோட்டம் காய்க்கிறது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். போகிற வழியில் ஒரு பழைய உடைந்த கல்தூணுக்குப் பக்கத்தில் ஒரு மரம் வாடி நின்றதாம். விடுவாரா? சுற்றிச் சுற்றிக் குத்தியிருக்கிறார். இந்தக் காலத்தில் பழைய கல்லுக்குப் பக்கத்தில் ஒருவன் கம்பியால் குத்தினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: புதையல். யாரோ தகவல் கொடுத்து, ஜீப் வந்து, ஆளையும் கம்பியையும் சேர்த்து ஏற்றி விட்டார்கள்.

எனக்குச் செய்தி வந்ததும் லொறியை எடுத்துக்கொண்டு போனேன். என்னைத் தெரியாத அதிகாரி இந்தப் பக்கத்தில் இல்லை. அங்கே இருந்தவர் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை, புதிதாக மாற்றலாகி வந்தவர்கள்.

காக்கா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பொறுப்பதிகாரி கம்பியைத் தூக்கிப் பார்த்துத் தமிழில் கேட்டார். "இதை வைத்து என்ன தேடினீங்க?"

"ஈரம்."

"ஈரமா? தங்கம் இல்லையா?"

"தங்கம் இரிந்தா மரம் குடிக்குமா மாத்தயா?" என்று கேட்டுவிட்டு, யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நிலையத்து முற்றத்தில் ஒரு மாமரம் நின்றது, இலை நுனியெல்லாம் கருகி. "கஹட்ட வத்துர நே மாத்தயா" என்றார். மரத்துக்குத் தண்ணீர் இல்லை ஐயா என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான், அதுவும் மரத்துக்காகக் கற்றது.

பொறுப்பதிகாரிக்குச் சிரிப்பு வந்து விட்டது. சரி, குத்திக் காட்டு என்று கம்பியைக் கொடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. காக்கா கொப்பு முடிகிற இடத்தைக் கணக்குப் பார்த்து, பிஸ்மி சொல்லி, பலமாக ஒரு குத்து. கம்பி எதிலோ தட்டியது. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். நிலையம் முழுவதற்கும் தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாய் அது. தண்ணீர் பொறுப்பதிகாரியின் தொப்பி வரைக்கும் எழும்பியது.

எல்லாரும் நனைந்து நின்றோம். காக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஈரம் இஞ்ச இரிக்கு."

குழாயும் மூட்டுகளும் என் கடையிலிருந்து போய், என் ஆள் போட்டுக் கொடுத்தான். திரும்பி வருகிற வழியில் லொறிக்குள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் கேட்கவேயில்லை. "அந்த மாமரம் இனிப் பொழைச்சிரும். நல்லா நனைஞ்சிட்டு" என்றார்.

இப்படிப்பட்ட ஆள் ஒரே ஒரு வளவில் கம்பியை அவிழ்க்கவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். இங்கே பெண் கலியாணம் முடித்தால் வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் பெண்ணுக்கு. உம்மாவும் வாப்பாவும் அடுத்த துண்டுக்கு நகர்வார்கள், அங்கே ஒரு வீடு எழும்பும், அதுவும் அடுத்த மகளுக்குப் போகும். காக்காவுக்கு மூன்று பெண்மக்கள். கிடாரம் கிடாரமாக ஊருக்குச் சோறு போட்டுக் கட்டிய வீடுகள் மூன்றையும் மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டு, இளைய மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார். ஊர் முழுக்க மண் குத்துகிறவருக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது.

சாய்ந்தமருதில் மூத்த மகளுக்குக் கொடுத்த வளவுதான் அவருடைய முதல் வளவு. அங்கே ஒரு கொழும்பான் மாமரம். அவருடைய மனைவி புது மணப்பெண்ணாக இருந்த காலத்தில் வைத்தது. மர்ஹூமா, காலமான அந்த மனிசி, அரிசி கழுவிய தண்ணீரையெல்லாம் அந்த மரத்துக்குத்தான் ஊற்றுவார். கலியாணச் சமையலுக்கு மூட்டை மூட்டையாக அரிசி கழுவின வீடு அது. அந்த மரம் குடித்த கழுநீருக்கு அளவில்லை. அதன் பழத்தை நானும் சாப்பிட்டிருக்கிறேன். என் தோட்டத்துப் பழத்துக்கு அடுத்தபடியாக நல்ல பழம்.

மூத்த மருமகன் கட்டாரிலிருந்து வந்தவன், கார் எடுத்தான். முன்பக்கம் கார் நிற்கிற இடத்துக்கு ஏற்கெனவே கொங்கிறீட் போட்டிருந்தான். இப்போது வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதிக்க வேண்டும் என்று என் கடைக்குத்தான் வந்தான். அவனைப் பிழை சொல்ல ஏலாது. கட்டார் மணலில் நின்று உழைத்தவன், வீட்டுக்கு வந்தால் மணலே கண்ணில் படக் கூடாது என்று நினைக்கிறான். நல்ல பையன், மாமாவுக்கு மரியாதை கொடுக்கிறவன்.

அளவெடுக்கப் போனபோது காக்காவும் லொறியில் தொற்றிக்கொண்டு வந்தார். வளவுக்குள் இறங்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். கம்பி லொறிக்குள் கிடந்தது. மரத்தை நான் பார்த்தேன். உச்சிக் கொப்பு மொட்டை. பிஞ்சுகள் சுண்டங்காய் அளவில் உதிர்ந்து கொங்கிறீட்டில் உருண்டன. அடிமரத்தைச் சுற்றி ஒரு சட்டி அளவுக்கு இடம் விட்டு மற்றதெல்லாம் மூடப் போகிறார்கள். மருமகன் காலை மாலை அந்தச் சட்டிக்குள் ஹோஸைப் பிடிக்கிறானாம். மரத்தின் காலை மட்டும் கழுவுகிறான்.

"காக்கா, கம்பிய எடுக்கல்லையா?" என்று கேட்டேன்.

"குடுத்த வளவு" என்றார்.

அவ்வளவுதான். பொலிஸ்காரனுக்கும் மௌலவிக்கும் எனக்கும் அடங்காத வாய். கொடுத்த வீட்டில் மாமனார் இதை வை, அதை எடு என்று சொல்லத் தொடங்கினால் அது கொடுத்தது ஆகாது என்பது அவருடைய சட்டம். மகள் பிளேன்டி கொண்டு வந்தாள். நின்றபடியே குடித்தார். கோப்பையின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, போகிற போக்கில், கொப்பு முடிகிற இடத்தில் மெல்ல ஊற்றினார். ஒரு கோப்பைத் தேயிலைத் தண்ணீர் அந்த மரத்துக்கு என்ன செய்யும்? லொறியில் கடை வரைக்கும் அந்த மனிசன் சும்மா வந்ததை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அந்தக் கற்களை விற்கிறவன் நான். நான் கொடுக்காவிட்டால் அவன் அக்கரைப்பற்றில் வாங்குவான். அது வேறு கதை.

கல் பதிக்கிற நாளில் கதிரை போட்டு நானே அங்கே உட்கார்ந்தேன். பொதுவாக வேலைத்தலத்துக்கு நான் போவதில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மேசன் கேற்றடியிலிருந்து பதித்துக்கொண்டு வந்தார். அழகான வேலை, செங்காவி நிறக் கல். மாமரத்தின் நிழல் ஓரத்துக்கு வந்ததும் நான் எழும்பி டிரைவரைக் கூப்பிட்டேன்.

"மிச்சக் கல்ல லொறியில ஏத்து."

மேசன் நிமிர்ந்தார். "ஹாஜியார், வேலை முடியல்லையே. கல்லு இந்தாக் கிடக்கு."

"அது வேற ஆளுக்குச் செல்லின கல்லு. பிழையா எறக்கிட்டான்."

மருமகன் ஓடி வந்தான். "என்ன ஹாஜியார், நடுவுல இப்புடிப் பெரிய வட்டம் கிடக்கு?"

"கல்லு முடிஞ்சிட்டு மகன்."

"உங்கட கடையில கல்லு முடியிறதா?"

"இந்த நிறம் முடிஞ்சிட்டு. அடுத்தது வரும், ஆனா நிறம் ஒரு சொட்டு மாறும். ஊட்டுக்கு முன்னால ஒட்டுப் போட்ட சாறன் போல கிடக்கும். கார் நிக்கிற இடம், ஆக்கள் வந்து போற இடம். எனக்கென்ன, நீங்க செல்லுங்க, போடுவம்."

அவன் காரைப் பார்த்தான், வட்டத்தைப் பார்த்தான். நான் வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். என் திறமையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாங்குகிறவனை வாங்காமல் விட வைத்தது அதுதான் முதல் தடவை. "வட்டத்தச் சுத்தி ஓரக்கல்லு வச்சு, உள்ளுக்குச் சருகு போட்டு விடுங்க. இப்ப கொழும்பில பெரிய ஊடுகள்ல இதுதான் புதுசு" என்றும் ஒன்றைச் சேர்த்து விட்டேன். கொழும்பு என்றதும் அவனுடைய முகம் தெளிந்தது.

வாசலில் மூத்த மகள் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். கிட்ட வந்து, "ஹாஜியார், வாப்பா செல்லிவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல புள்ள. கல்லு முடிஞ்சிட்டு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்த் தகப்பனுக்குப் போன் எடுத்து, "வாப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள். பிறகு எனக்குச் சீனி அள்ளிப் போட்ட பிளேன்டி வந்தது. டாக்டர் எனக்குச் சீனி வேண்டாம் என்றிருக்கிறார். குடித்தேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் காக்கா சைக்கிளில் வந்தார். கேற்றடியிலேயே நின்று விட்டார். புதுக் கல், அதன் நடுவில் மரத்தின் கொப்பு எவ்வளவுக்கு விரிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மண். என்னைப் பார்த்தார்.

"கல்லு முடிஞ்சிட்டா தம்பி?"

"ஓம் காக்கா."

"ம்ம்" என்றார். என்னை அவர் ஹாஜியார் என்று கூப்பிட்டால் கிண்டல். தம்பி என்று கூப்பிட்டால் வேறு.

சைக்கிளிலிருந்து கம்பியை அவிழ்த்தார். வட்டத்தின் ஓரத்துக்கு வந்தார். குத்தவில்லை. மகளின் பக்கம் திரும்பினார். யாருடைய வீட்டிலும், பள்ளியிலும், பொலிசிலும் உத்தரவு கேட்காத மனிசன் அன்றைக்குக் கேட்டார்.

"மகள், ஒரு குத்துக் குத்திப் பார்க்கவா?"

அவள் தலையில் போட்டிருந்த தட்டத்தை முகத்தில் இழுத்துக்கொண்டாள். "என்ன வாப்பா இப்புடிக் கேட்கிறீங்க? குத்துங்க."

குத்தினார். கம்பி கால்வாசிக்கு மேலே இறங்கவில்லை, மண் அப்படி இறுகிக் கிடந்தது. இழுத்தார். நுனியைப் புறங்கையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கிடாரத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரியே நின்றார்.

"அடி காஞ்சு போய்த்தான் கிடக்கு. ஆனாப் பிடிக்கல்ல" என்றார். சோறு அடிப்பிடித்தால்தான் வீண், காய்ந்ததை மீட்கலாம் என்பது அவருடைய கணக்கு. "அவசரப்படாம வைங்க மகள். ஹோஸை இஞ்ச வச்சு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கசிய விடுங்க. மறுகா அந்தப் பக்கம். நெறையக் குடுத்தா ஓடிரும்."

மருமகன் தானே போய் ஹோஸை இழுத்து வந்தான். "எவ்வளவு மாமா, இவ்வளவா?"

"இன்னும் கொறைங்க."

"இவ்வளவு?"

"ஆ. அப்புடி."

நாங்கள் நாலு பேரும் அந்த மெல்லிய தண்ணீர் மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே நிற்காத தண்ணீரைப் பார்த்து என் மனம் ஆறியது அன்றைக்குத்தான்.

அந்த மரம் இப்போது உச்சியில் செங்குருத்து விட்டிருக்கிறது. காய்ப்பது படைத்தவன் கையில். மருமகன் அவசரக்காரன், "மாமா, எப்பப் பூக்கும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். காக்கா இப்போது அந்த வளவுக்கு அடிக்கடி போகிறார், ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் குத்துகிறார்.

இப்போது அவருக்கு முழங்கால் நோ. ஒலுவில் வரைக்கும் சைக்கிள் மிதிக்க ஏலாது. லொறி அனுப்புகிறேன் என்றால், "நான் என்ன சீமெந்துப் பெக்கா" என்கிறார். சாய்ந்தமருதுக்குப் போகிற வழியில் என் கடையடியில் கொஞ்சம் இருந்து இளைப்பாறுவார். கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, குத்துவதற்கு இடமில்லாமல் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கடை முற்றம் முழுக்கக் கொங்கிறீட். நானே நின்று போட வைத்த கொங்கிறீட், இந்த ஊரிலேயே கெட்டியானது.

போன மாதம் அலவாங்கை எடுத்து, என் காசாளர் மேசைக்கு நேர் முன்னால், அதை ஒரு பெரிய வட்டமாக உடைப்பித்தேன். கல்லும் சீமெந்தும் விற்கிறவன் தன் முற்றத்தை உடைக்கிறான் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒரு கொழும்பான் கன்று வைத்திருக்கிறேன். வெயிலும் புகையும் படுகிற இடம், மரத்துக்கு ஏற்ற இடமில்லை என்று எனக்கும் தெரியும். காக்கா வந்து பார்த்தார். ஒரு குத்துக் குத்தினார். "தண்ணி கூடுதலா ஊத்திட்டீங்க ஹாஜியார். உங்களுக்கு ஒண்டும் ஏறாது" என்றார்.

கூடுதல் என்று தெரிந்துதான் ஊற்றினேன். நாளைக்கும் வந்து ஏசட்டும்.